ஈயக்குண்டு போனா போகட்டும், படகு முக்கியம்! சின்னப் படகில் டவுன்ரிக்கர் மாட்டப்போறீங்களா?

கிரிவலம் வந்தவர்களுக்கு எங்கள் ஊர் அடி அண்ணாமலையை நன்றாகத் தெரியும். 14 கிலோமீட்டர் பாதையில் கால் வலிக்க ஆரம்பிக்கிற இடம். கடலுக்கு அதிபதியான வருணன் பெயரில் லிங்கம் பக்கத்திலேயே இருக்கிறதே தவிர, கடலைப் பார்க்க வேண்டுமென்றால் புதுச்சேரிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் பஸ் ஏற வேண்டும். அப்படிப்பட்ட ஊர்க்காரனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கடலில் நடந்த ஒரு விபத்தைப் பற்றி போன் வந்தது.

பேசியது பெரியப்பா மகன். புதுச்சேரியில் கம்பெனி வேலை. மீனவக் குடும்பத்து நண்பர் ஒருவரோடும் இன்னொருவரோடும் சேர்ந்து, பழைய பைபர் படகு ஒன்றை வாங்கியிருந்தார். சுமார் 6 மீட்டர் நீளம். லீவு நாளில் மூன்று பேரும் மீன் பிடிக்கப் போவார்கள். "தம்பி, வெளிநாட்டுல இருந்து வரவழைச்ச மெஷின் கடலுக்குள்ள போயிடுச்சுடா. போனது கூட பரவாயில்ல, என் முட்டியை உரசிக்கிட்டுப் போச்சு" என்றார். குரலில் நடுக்கம் இருந்தது. முட்டியில் ஆறு தையல் என்று பிறகு அண்ணி சொல்லித்தான் தெரியும்.

அந்த மெஷினின் பெயர் டவுன்ரிக்கர். மீன்பிடி வீடியோக்களைப் பார்த்து நம் ஊரிலும் இதை ஆன்லைனில் தேட ஆரம்பித்திருக்கிறார்கள். எந்த மாடல் நல்லது, எத்தனை அடி கம்பி என்று விசாரிப்பவர்கள், அதைப் படகில் எப்படி மாட்டுவது என்று மட்டும் கேட்பதில்லை. அண்ணனும் கேட்கவில்லை. நான்கு ஸ்க்ரூ போட்டார், முடிந்தது.

அது என்ன மெஷின்?

கிணற்றுக் கப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு, கப்பி, அடியில் வாளி. டவுன்ரிக்கரும் அதேதான். படகின் ஓரத்தில் ஒரு உருளை. அதில் மெல்லிய எஃகுக் கம்பி சுற்றியிருக்கும். படகுக்கு வெளியே நீளும் ஒரு கை, அதன் நுனியில் ஒரு சின்னக் கப்பி. கம்பியின் முனையில் வாளிக்குப் பதில் ஈயக்குண்டு. பொதுவாக 10 பவுண்டு, அதாவது சுமார் நாலரைக் கிலோ.

ஓடும் படகில் தூண்டிலை இழுத்துக்கொண்டு போனால், இரை தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்துவிடும். மீனோ வெயில் ஏற ஏற கீழே போய்விடும். 15 மீட்டர், 20 மீட்டர் ஆழத்தில் இரையை ஓட்ட வேண்டுமென்றால் கனமான எடை வேண்டும். அந்த எடையைத் தூண்டில் நரம்பிலேயே கட்டினால், மீன் மாட்டிய பிறகு மீனோடும் எடையோடும் சேர்த்து மல்லுக்கட்ட வேண்டும். டவுன்ரிக்கரில் எடை தனிக் கம்பியில் போகிறது. தூண்டில் நரம்பு ஒரு கிளிப் வழியாகக் குண்டோடு சும்மா பிடித்துக்கொண்டிருக்கும். மீன் கடித்து இழுத்ததும் கிளிப்பில் இருந்து நரம்பு விடுபட்டுவிடும். அதற்குப் பிறகு நீங்களும் மீனும்தான். நடுவில் ஈயம் கிடையாது. எவ்வளவு ஆழம் இறக்கினோம் என்று காட்ட உருளையிலேயே ஒரு கணக்கு மீட்டரும் இருக்கும்.

இது பரவலானது வட அமெரிக்காவின் பெரும் ஏரிகளில். 1966-ல் மிச்சிகன் ஏரியில் கோஹோ சால்மன் குஞ்சுகளை விட்டார்கள். அவை வளர்ந்து, கோடையில் குளிர்ந்த ஆழமான நீரில் தங்கின. அவற்றை எட்டிப் பிடிக்க இந்தக் கருவி தேவைப்பட்டது. அமெரிக்காவின் தென்கிழக்குக் கடலில் 'கிங் மாக்கரெல்' பிடிப்பவர்களும் இதைப் பயன்படுத்துகிறார்கள். அந்த மீன் நம்முடைய வஞ்சிரத்தின் பங்காளி. அண்ணனுக்கு ஆசை வந்ததும் அந்த வழியில்தான்.

(வஞ்சிரம் என்று சென்னையில் சொல்வதைத் தூத்துக்குடிப் பக்கம் சீலா என்பார்கள். சென்னைக்காரர் சீலா என்றால் அது வேறு மீன். உறவினர் வீட்டுக்கு மீன் வாங்கிப்போகும்போது கவனம்!)

கடலுக்கடியில் என்ன மாட்டியது?

அன்றைக்கு மெதுவாகத்தான் ஓட்டியிருக்கிறார்கள். நடை வேகத்தை விடக் கொஞ்சம் குறைவு. குண்டு கீழே 20 மீட்டருக்கு மேல் இறங்கியிருந்தது. திடீரென்று மெஷினின் கை பின்பக்கமாக வளைந்தது. பெரிய மீன் என்று நினைத்து இன்ஜினை நிறுத்தாமல் இரண்டு மூன்று விநாடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீன் இல்லை. குண்டு எதிலோ சிக்கிவிட்டது. அறுந்து அடியில் கிடக்கும் பழைய வலையாக இருக்கலாம் என்பது மீனவ நண்பரின் ஊகம்.

படகின் பின்மூலை சட்டென்று தாழ்ந்து, விளிம்புக்கு மேல் தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது. நண்பர் கத்தியை எடுத்திருக்கிறார். எஃகுக் கம்பியைக் கத்தி என்ன செய்யும்? அடுத்த விநாடி 'படார்' என்று விளிம்போடு பெயர்ந்து மெஷின் பறந்தது. அண்ணனின் முட்டியை உரசிவிட்டுக் கடலில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் படகு நிமிர்ந்திருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டதால்தான் படகு தப்பித்தது. பிடுங்கிக்கொண்டதால்தான் முட்டி கிழிந்தது. அப்படியானால் ஸ்க்ரூ பலமாக இருந்திருக்க வேண்டுமா, பலவீனமாக இருந்திருக்க வேண்டுமா? போனை வைத்த பிறகு எனக்கு இதே யோசனை. எங்கள் பாட்டி வீட்டுக் கிணறு ஞாபகத்துக்கு வந்தது.

அந்தக் கிணற்றில் வாளி அடிக்கடி உள்படிக்கட்டின் கல் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். சின்ன வயதில் நான் பலம் காட்டி இழுப்பேன். பாட்டி ஓடிவந்து தலையில் தட்டுவார். கயிறு அறுந்தால் வாளியை எடுக்கப் பாதாளக் கரண்டி இருக்கிறது. கப்பித் தூண் சாய்ந்தால் நீயும் சேர்ந்து கிணற்றுக்குள் போவாய் என்பது அவர் கணக்கு. வேண்டுமென்றேதான் பழைய கயிற்றை வாளிப் பக்கம் ஒரு முழம் முடிந்து வைத்திருந்தார் என்பது இப்போது புரிகிறது.

68 கிலோ எப்படி 680 கிலோ ஆனது?

கையேட்டைப் படித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. வீட்டில் ஆங்கிலம் படிப்பவன் என்று ஒருவன் மாட்டினால் விடுவார்களா? படிக்கப் படிக்க, நான்கு ஸ்க்ரூ ஏன் பத்தாது என்பது எளிய கணக்கிலேயே தெரிந்தது.

டவுன்ரிக்கர் கம்பிகள் பொதுவாக 150 பவுண்டு தாங்கும். சுமார் 68 கிலோ. அதற்கு மேல் இழுத்தால் கம்பி அறும். 68 கிலோதானே, ஒரு ஆள் எடை என்று தோன்றும். ஆனால் அந்த இழுப்பு விழுவது கையின் நுனியில். கை ஒரு மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். மெஷினின் அடித்தட்டில் முன் ஸ்க்ரூவுக்கும் பின் ஸ்க்ரூவுக்கும் இடைவெளி 10 சென்டிமீட்டர்தான். கடப்பாரையின் நீள முனையைப் பிடித்து அழுத்தினால் குட்டை முனையில் பாறை கிளம்புகிறதே, அதே நெம்புகோல்தான் இங்கேயும். ஒரு மீட்டர் என்பது 10 சென்டிமீட்டரின் பத்து மடங்கு. ஆக, நுனியில் 68 கிலோ என்றால் அடியில் 680 கிலோ. உள்பக்கத்து இரண்டு ஸ்க்ரூவும் பகிர்ந்துகொண்டாலும் தலைக்கு 340 கிலோ. கை நீளமாக நீளமாக இது இன்னும் ஏறும்.

இது தோராயக் கணக்குதான். அதோடு, படகு முன்னே போக, குண்டு பின்னே நிற்க, கை பக்கவாட்டிலும் திருகப்படும். கம்பிக்கு ரப்பர் போல் நீளும் குணம் கிடையாது என்பதால் எல்லாம் ஒரே வெட்டாக வந்து விழும். ஆள், இன்ஜின், டீசல் எல்லாம் சேர்த்து முக்கால் டன், ஒரு டன் எடையோடு நகர்ந்துகொண்டிருக்கும் படகை, அந்த நான்கு ஸ்க்ரூவும் சேர்ந்து நிறுத்தப் பார்க்கின்றன.

எதில் போட்ட ஸ்க்ரூ? சில மில்லிமீட்டர் பைபரில். மரத்தில் போடும் ஸ்க்ரூவுக்குப் பிடி கொடுப்பது அதன் மரை. மெல்லிய பைபரில் இரண்டு மூன்று மரைதான் பிடித்துக்கொண்டிருக்கும். அண்ணன் அனுப்பிய போட்டோவில் ஓட்டைகள் நான்கும் முறுக்கு உடைந்த மாதிரி பிய்ந்திருந்தன. ஓரங்களில் நட்சத்திரம் போல விரிசல். முந்தைய பயணங்களிலேயே அந்த விரிசல் வந்திருக்கும். யாரும் குனிந்து பார்க்கவில்லை.

துளை போடாமல் கட்டியவர்கள்

நம் கடற்கரையில் படகில் எதையாவது பொருத்துவதற்குப் பழைய வழி, துளை போடுவது அல்ல, கட்டுவது. கட்டுமரம் என்ற பெயரே அதுதானே! மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டி, கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காய வைப்பார்கள். (ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்று நம் சொல்லை எடுத்துக்கொண்டு போய், இரட்டை உடல் படகுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.) மெட்ராஸில் துறைமுகம் வருவதற்கு முன் கப்பலில் இருந்து ஆட்களைக் கரைக்குக் கொண்டுவந்த மசூலாப் படகிலும் பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால்தான் தைத்திருந்தார்கள். அலை மோதும்போது தையல் கொஞ்சம் நெகிழும், பலகை உடையாது.

பைபர் வேறு ஜாதி. 1979-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம், அலையில் கரையேறக்கூடிய சின்னப் படகுகளை வடிவமைத்துச் சோதித்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகவே ஏராளமான பைபர் படகுகள் கரைக்கு வந்தன. லேசானவை, அழுகாதவை, சீக்கிரம் செய்யக்கூடியவை. ஆனால் விறைப்பானவை. சுமை ஒரு புள்ளியில் விழுந்தால் அந்தப் புள்ளியிலேயே உடையும். அதனால் பைபரில் எதைப் பொருத்தினாலும் யோசிக்க வேண்டியது ஒன்றுதான்: சுமையை எவ்வளவு பரப்புக்குப் பிரித்துக்கொடுக்கிறோம்?

சரி, எப்படி மாட்டுவது?

முதலில் இடம். பின்பக்க மூலைக்குச் சற்று முன்னால் இருப்பது வழக்கம் (படகின் பின்பக்கத்தைக் கடற்கரையில் 'அமரம்' என்பார்கள்). கம்பி புரொப்பெல்லரை நெருங்கக் கூடாது. நம் பைபர் படகுகளில் நீள வால் இன்ஜின் நிறைய. அதன் தண்டு இடமும் வலமும் திரும்பும். அந்த வட்டம் முழுக்கத் திருப்பிப் பார்த்துவிட்டு இடத்தைக் குறியுங்கள். குண்டை ஏற்றி இறக்கும்போது உடம்பைப் படகுக்கு வெளியே நீட்டாமல், உட்கார்ந்தபடியே கை எட்ட வேண்டும். நாலரைக் கிலோ ஈயம் தண்ணீரை விட்டு மேலே வந்ததும் ஊஞ்சல் ஆடும். ஆடுகிற குண்டு படகின் பக்கத்தை மட்டுமல்ல, பல்லையும் பதம் பார்க்கும். கிணற்று வாளி தண்ணீருக்குள் லேசாக இருந்து வெளியே வந்ததும் கனக்கும். ஈயம் அப்படியில்லை, தண்ணீருக்குள்ளும் ஏறத்தாழ முழு எடைதான். நாலரைக் கிலோவில் 400 கிராம் குறைந்தால் அதிகம்.

அடுத்தது, குனிந்து கீழே பார்ப்பது. மாட்டப்போகும் இடத்துக்கு அடியில் என்ன இருக்கிறது? வெறும் பைபரா, நடுவில் மரம் வைத்த பைபரா, கை நுழையுமா? கை நுழையாத இடத்தில் நட் போட முடியாது. நட் போட முடியாத இடத்தில் டவுன்ரிக்கர் வேண்டாம். இதில் சமரசமே கிடையாது என்பது என் கருத்து.

ஸ்க்ரூ வேண்டாம், மேலிருந்து கீழ் வரை ஊடுருவும் போல்ட் வேண்டும். கடல் தண்ணீருக்கு எஸ்.எஸ். 316 நல்லது. கடையில் காந்தம் வைத்துப் பார்த்து "ஒட்டல, அசல் சார்" என்பார்கள். அதை வைத்து 304-ஐயும் 316-ஐயும் பிரித்துச் சொல்ல முடியாது. பில்லில் எழுதி வாங்குங்கள்.

போல்ட்டின் கீழ்ப்பக்கம் வெறும் வாஷர் போட்டு முறுக்கினால், பழைய கதைதான். ஸ்க்ரூ மேலே பிடுங்கியதற்குப் பதில் வாஷர் பைபரைக் கிழித்துக்கொண்டு வரும். அடியில் ஒரு தகடு வைக்க வேண்டும். மெஷினின் அடித்தட்டை விட எல்லாப் பக்கமும் பெரியதாக. 6 மில்லிமீட்டர் அலுமினியமோ, 18 மில்லிமீட்டர் மரைன் ப்ளைவுட்டோ. ப்ளைவுட் என்றால் வெட்டிய ஓரங்களிலும் துளைகளிலும் எபாக்ஸி பூசாமல் வைத்தால் இரண்டு மழைக்காலத்தில் அப்பளம். அலுமினியம் என்றால், எஸ்.எஸ். போல்ட் அதைத் தொடும் இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டு அரிக்கும். நைலான் வாஷரும் சீலண்டும் நடுவில் வேண்டும். தகட்டின் மூலைகளை அரத்தால் உருட்டிவிடுங்கள். கூரான மூலைதான் விரிசலுக்குப் பிள்ளையார் சுழி.

துளை போடும் முன் அந்த இடத்தில் பேப்பர் டேப் ஒட்டினால் மேல்பூச்சு சில்லு சில்லாகப் பெயராது. முதலில் சின்ன டிரில், பிறகு பெரியது. துளையின் வாயைக் கொஞ்சம் அகலப்படுத்திச் சரிவாக்கிவிட்டால், பின்னால் நட்சத்திர விரிசல் வருவது குறையும். நடுவில் மரம் வைத்த பைபராக இருந்தால் இன்னொரு வேலை இருக்கிறது. துளையைத் தேவையை விடப் பெரியதாகப் போட்டு, எபாக்ஸியால் நிரப்பி, காய்ந்த பிறகு அதன் நடுவில் சரியான அளவுத் துளை போட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கி மரம் மக்கும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே சாணி மாதிரி இருக்கும். பழைய படகு வாங்குகிறவர்கள் விளிம்பைச் சுத்தியல் பிடியால் தட்டிப் பார்ப்பது இதற்காகத்தான். 'டங்' என்றால் சரி, 'தொப்' என்றால் யோசியுங்கள்.

பிறகு சீலண்ட். கண்ணாடி ஒட்டும் சாதாரண சிலிக்கான் வேண்டாம், படகுக்கென்று வரும் பாலியூரிதேன் சீலண்ட் நல்லது. நட்டை லேசாக முறுக்கி, சீலண்ட் காய்ந்த பிறகு முழுசாக முறுக்குங்கள். நைலான் வளையம் வைத்த நட் அதிர்வில் கழன்று வராது. நட்டின் மேலும் தகட்டின் மேலும் சேர்த்துப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிட்டால், அடுத்த தடவை ஒரு பார்வையிலேயே தெரியும்: கோடு விலகியிருந்தால் நட் நகர்ந்திருக்கிறது.

வெளிநாட்டுக் கையேடுகளில் இல்லாத ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். அந்தப் படகுகள் தூண்டிலுக்கு மட்டும். நம் படகு ஒருநாள் தூண்டிலுக்குப் போகும், மறுநாள் வலைக்குப் போகும். விளிம்பு வழியாகத்தான் வலை ஏறி இறங்கும். அங்கே ஒரு போல்ட் தலை துருத்திக்கொண்டிருந்தால் வலை மாட்டும், கிழியும். வலையின் விலை தெரிந்த யாரும் அந்த மெஷினைப் படகில் விட்டுவைக்க மாட்டார்கள். அலையைக் கடந்து மணலில் ஏறும்போதும் நீட்டிக்கொண்டிருக்கும் கை ஆபத்து. எனவே கழற்றி எடுக்கக்கூடிய அடித்தட்டு, தட்டையான போல்ட் தலை, உள்பக்கம் மூடிய நட். கடலில் மீன் பிடிக்காத நேரமெல்லாம் மெஷின் பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

துளை போடவே மனசு இல்லையா? ஒரு விளிம்பில் இருந்து எதிர் விளிம்பு வரை குறுக்கே ஒரு தடித்த பலகையைப் போட்டு, இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு, கூடவே கயிற்றாலும் இறுகக் கட்டி, அந்தப் பலகையில் மெஷினை போல்ட் செய்யலாம். சின்ன அலுமினியப் படகு வைத்திருக்கும் வெளிநாட்டுக்காரர்களும் இதைச் செய்கிறார்கள். ஒரு மூலையில் விழும் சுமையைப் படகின் இரண்டு பக்கமும் பகிர்ந்துகொள்ளும். கழற்றினால் பலகையோடு கழன்று வந்துவிடும், வலைக்கும் தொந்தரவில்லை. அண்ணனுக்கு நான் சொன்னது இதைத்தான்.

எது முதலில் அறுக வேண்டும்?

இவ்வளவு பலமாக மாட்டிவிட்டால் பிரச்னை தீர்ந்ததா என்றால், இங்கேதான் புதுப் பிரச்னை. மெஷின் பெயராது. அப்படியென்றால் அடுத்த தடவை குண்டு சிக்கும்போது கம்பி அறுகிற வரை படகின் பின்மூலை தண்ணீருக்குள் இழுபடும். நீரோட்டமும் அலையும் பின்பக்கமிருந்து வந்தால், சின்னப் படகு நிரம்புவதற்கு நிமிடக்கணக்கு தேவையில்லை. நான்கு ஸ்க்ரூவில் முட்டி போனது. நான்கு போல்ட்டில் படகே போகலாம்.

நம் வீட்டு மெயின் போர்டில் ஃப்யூஸ் எதற்கு இருக்கிறது? வயர் எரிவதற்கு முன் அது எரிய வேண்டும் என்பதற்காக. இங்கேயும் ஒரு ஃப்யூஸ் வேண்டும். கம்பியின் முனைக்கும் குண்டுக்கும் நடுவில், கம்பியை விடப் பலவீனமான ஒரு துண்டு நரம்பு. கம்பி 68 கிலோ தாங்கும் என்றால் நரம்பு அதில் பாதி தாங்கினால் போதும். குண்டின் எடையைத் தூக்கத் தாராளம். எதிலாவது சிக்கினால் அந்த நரம்பு முதலில் அறும். போவது ஒரு ஈயக்குண்டு. மெஷின், கம்பி, படகு, ஆள் எல்லாம் மேலே.

உருளையின் பிரேக்கும் இன்னொரு ஃப்யூஸ். குண்டைத் தாங்கும் அளவுக்கு மேல் அதை முறுக்கி வைக்கக் கூடாது. பலமாக இழுத்தால் உருளை வழுக்கிக் கம்பியை விட்டுக்கொடுக்க வேண்டும். "நழுவுதே" என்று எரிச்சல்பட்டு முழுசாக முறுக்கி வைப்பதுதான் பலரும் செய்யும் தப்பு. அண்ணனும் அதைத்தான் செய்திருந்தார்.

சிக்கிவிட்டது என்று தெரிந்த அந்த விநாடியில் செய்ய வேண்டியவை: இன்ஜினை நியூட்ரலுக்குக் கொண்டுவருவது, பிரேக்கைத் தளர்த்திக் கம்பியை ஓடவிடுவது, ஆட்கள் எல்லோரும் அந்த மூலையை விட்டு விலகி எதிர்ப்பக்கம் நகர்வது. கம்பி இழுக்கும் நேர்கோட்டில் யாரும் நிற்கவே கூடாது. பிறகு நிதானமாகப் படகைத் திருப்பி, சிக்கிய இடத்துக்கு நேர் மேலே போய் வேறு பக்கமிருந்து இழுத்துப் பார்க்கலாம். வரவில்லையென்றால் வெட்டிவிடுங்கள். எஃகுக் கம்பிக்குக் கத்தி உதவாது. எலெக்ட்ரீஷியன் வைத்திருப்பது போன்ற கட்டிங் பிளையர், கை எட்டும் இடத்தில், கயிற்றில் கட்டித் தொங்க வேண்டும். லைஃப் ஜாக்கெட்டை உட்காரும் மெத்தையாக்காமல் உடம்பில் போட்டிருக்க வேண்டும். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. போனில் இப்போதே சேமித்துவிடுங்கள்.

புறப்படுவதற்கு முன் கரையிலேயே ஒரு சோதனை. கையின் நுனியில் 30 கிலோ மணல் மூட்டையைத் தொங்கவிடுங்கள். ஒருவர் படகுக்குள் படுத்து அடித்தகட்டைப் பார்க்க வேண்டும். தகட்டுக்கும் பைபருக்கும் நடுவே இடைவெளி விழுகிறதா, விளிம்பு வயிறு மாதிரி மேலும் கீழும் அசைகிறதா, எங்காவது 'கிரீச்' சத்தம் வருகிறதா? ஏதாவது ஒன்று ஆம் என்றாலும் அன்றைக்குக் கடல் வேண்டாம்.

நம்ம சாத்தனூரில் மாட்டலாமா?

திருவண்ணாமலைக்காரர்கள் இதைக் கேட்காமல் விட மாட்டீர்கள். தென்பெண்ணையின் குறுக்கே 1958-ல் கட்டி முடித்த அணை, முழுக் கொள்ளளவில் 119 அடித் தண்ணீர். ஆழத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே பெரும்பாலும் கட்லா, ரோகு வகைக் கெண்டைகள். அவை ஓடுகிற இரையைத் துரத்திப் பிடிக்கிற மீன்கள் அல்ல. டவுன்ரிக்கர் போட்டு இழுத்தால் குண்டு ஏதாவது மூழ்கிய மரத்தில் சிக்குமே தவிர, மீன் திரும்பியும் பார்க்காது. அங்கே ஓடுவதும் பரிசல். வட்டமான பரிசலின் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் பாரம் தொங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பக்கத்திலேயே முதலைப் பண்ணை வேறு இருக்கிறது. சாத்தனூருக்குப் போனால் அணையோரத்தில் வறுத்த மீன் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வருவதே உத்தமம்.

கடலிலும் எல்லோருக்கும் இது தேவையா என்றால், எனக்குச் சந்தேகம்தான். கையால் விடும் தூண்டிலும் அளவான ஈயமும் வைத்துக்கொண்டு நம் மீனவர்கள் எந்த மெஷினும் இல்லாமல் வஞ்சிரம் பிடிக்கிறார்கள். மாட்டியே தீருவேன் என்பவர்களுக்குத்தான் இவ்வளவும். படகு 4 மீட்டருக்குக் குறைவு, விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண்தான் என்றால், ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது.

அண்ணன் அடக்கிக்கொள்ளவில்லை. தையல் பிரித்த பிறகு, பிய்ந்த விளிம்பை பைபர் வேலை செய்பவரிடம் கொடுத்து, உள்பக்கம் மூன்று அடுக்கு போட்டுச் சரி செய்தார். புது மெஷின் வாங்க அண்ணி விடவில்லை. யாரோ பயன்படுத்திய, கையால் சுற்றும் பழைய மெஷின் ஒன்று கிடைத்தது. குறுக்குப் பலகை, எட்டு மில்லிமீட்டர் போல்ட், அடியில் அலுமினியத் தகடு. மணல் மூட்டையைத் தொங்கவிட்டு வீடியோ எடுத்து எனக்கு அனுப்பினார். அதில் பலகை அசையவில்லை. மூட்டையைப் பிடித்துக்கொண்டிருந்த பெரியப்பாதான் அசைந்துகொண்டிருந்தார்.

போன வாரம் மறுபடி போன். "தம்பி, குண்டு போச்சுடா."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. நரம்பு அறுந்துச்சு, அவ்ளோதான். நீ சொன்ன மாதிரி நியூட்ரல் போட்டு எல்லாரும் இந்தப் பக்கம் வந்துட்டோம்."

"மீன்?"

"ரெண்டு பாறை. வஞ்சிரம் இல்ல. அடுத்த வாரம் நாலு குண்டு சேர்த்து வார்க்கச் சொல்லியிருக்கேன்."